கிணற்றடிச் சட்டி

உரும்பிராய்
14.06.2024

அன்புள்ள அக்கா,

மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் கடைசி வரை வாசியுங்கள். வீமனுக்காகக் கேட்கிறேன்.

அவனுக்குச் சுகமில்லை. மார்ச்சில் உங்கள் வீட்டிலிருந்து கூட்டிவந்தபோது இருந்த சொறி இப்போது கூடியிருக்கிறது. கமக்கட்டிலும் வயிற்றிலும் மயிர் கொட்டி, தோல் கறுத்துத் தடித்துவிட்டது. காதுக்குள் மண்ணிறப் பிசுக்கு. கிட்டப் போனால் புளித்துப்போன அப்பமாவின் மணம். மிருக வைத்தியர் சாருஜா பஞ்சில் அதைத் தொட்டெடுத்து நுணுக்குக்காட்டியில் எனக்கும் காட்டினார். மதுவம், மாவைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் இனம். பதினெட்டு வருடமாக உயிரியல் வகுப்பில் நான் கரும்பலகையில் கீறிக் காட்டும் அதே அரும்புகள். என் நாயின் காதுக்குள் இருந்தபோது எனக்கு மணத்தை வைத்துக்கூட அடையாளம் தெரியவில்லை.

இரண்டு தரம் மருந்து கொடுத்தாயிற்று. கொடுக்கும்போது குறைகிறது, நிறுத்தியதும் திரும்புகிறது. மதுவம் தானாக வரவில்லையாம். சாப்பாட்டில் ஏதோ ஒன்று அவனுக்கு ஒவ்வாமல் தோல் கெட்டுப்போகிறது. கெட்ட தோலில் இது பெருகுகிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க, அவன் பிறந்ததிலிருந்து தின்னாத ஒரு இறைச்சியையும் தின்னாத ஒரு கிழங்கையும் மட்டும் எட்டுக் கிழமை கொடுக்க வேண்டும். வேறு ஒரு பருக்கையும் வாயில் படக்கூடாது.

தின்னாதது எது என்று அறியத் தின்றது முழுவதும் தெரிய வேண்டும். எட்டு வருடத்துக்கு நான் பதில் சொல்வேன். நான் கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்த அந்த ஒரு வருடம் உங்களுக்குத்தான் தெரியும். சொறி தொடங்கியதும் அந்த வருடத்தில்தான்.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எழுதிப் பார்த்தால் அப்படித்தான் ஒலிக்கிறது. வேறு விதமாக எழுத வரவில்லை. மெலிந்து வந்தவன் என்று வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுக்கிறேன். அப்படியும் தேறவில்லை.

ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

உதயா


கரவெட்டி
22.06.2024

உதயகலா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

விடியப் பால் தேத்தண்ணீரில் தோய்த்த பாண். மத்தியானம் சோறும் பருப்பும், பூசணி இருந்தால் பூசணி. இரவு இடியப்பமும் சொதியும். சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைக்கும் எள்ளெண்ணெய்ச் சோற்றில் காகம் விட்டுப் போனது. வைரவர் கோயில் மடை நாட்களில் வடை. வைரவரின் வாகனம் என்று அங்கே வருகிற எல்லோரும் நாய்க்கு வடை போடுவார்கள், அதைத் தடுக்க என்னால் முடியாது. தயிர் கொஞ்சம். மாம்பழக் கொட்டை சூப்புவான்.

மச்சம் மாமிசம் இந்தப் படலைக்குள் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் தீட்சை பெற்றவள்.

வந்த முதல் மாதம் அவன் ஒன்றும் தின்னவில்லை. படலையைப் பார்த்தபடி படுத்திருந்தான். பிறகு தின்றான்.

நீ குற்றம் சொல்ல எழுதவில்லை என்கிறாய். சொல்ல வேண்டியதை மார்ச் மாதமே சொல்லிவிட்டாய். சின்னாச்சி மாமி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்க, “சைவம் சைவமெண்டு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டிட்டியள் அக்கா” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாய். முப்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சைவநெறி படிப்பித்தவள் நான். இப்போதும் சந்தைக்குப் போனால் யாராவது கேட்கிறார்கள்: “என்ன ரீச்சர், நாய் தப்பிச்சுதோ?”

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

இராசமலர்


உரும்பிராய்
05.07.2024

அக்கா,

பதில் எழுதியதற்கு நன்றி. முழுப் பெயர் போட்டு எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவது போல இருந்தது. சந்தையில் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

உங்கள் பட்டியலையும் என்னுடையதையும் டொக்டரிடம் கொடுத்தேன். மீன், ஆடு, மாட்டுப்பால், அரிசி, கோதுமை எல்லாம் அவன் தின்றவை. மிஞ்சியது கோழி ஒன்றுதான். இவருக்கு மூலம் வந்த நாளிலிருந்து கோழி சூடு என்று எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. அது வீமன் வருவதற்கு முன்பே. உங்கள் வீட்டிலோ கேள்வியே இல்லை. முட்டை தின்ற நாய்க்குக் கோழி சரிவருமோ என்று டொக்டர் யோசித்தார். “முயல் கிடைச்சால் நல்லம்” என்றார். முயலுக்கு எங்கே போவது? நான்தான் கோழியையே வைப்போம் என்று பிடிவாதமாக நின்றேன். முட்டையை நிறுத்திவிட்டேன். கோழியும் வத்தாளங்கிழங்கும், உப்பில்லை, எண்ணெயில்லை. கிழமைக்கொரு தரம் மருந்துச் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்க்க வேண்டும், காது துடைக்க வேண்டும். தொடங்கி ஐந்து நாள்.

இவர் கோழி அவியும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு விறாந்தையில் இருக்கிறார். “எனக்குப் புடலங்காய், உவருக்குக் கோழி. நாயாய்ப் பிறந்திருக்கலாம்” என்கிறார்.

ஒரு விசித்திரம். முதல் நாள் சட்டி கொதித்து மணம் வந்ததும் வீமன் எழுந்து நேரே கிணற்றடிக்குப் போய், வாழைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டான். குசினி வாசலில் வைத்தால் தொடவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டான். இப்போது தினமும் அப்படித்தான். காரணம் தெரியவில்லை. எட்டு வருடம் குசினி வாசலில் தின்றவன்.

உதயா


கரவெட்டி
11.07.2024

உதயா,

கோழி வேண்டாம். இவ்வளவு வருத்தம் உள்ள நாய்க்கு அது சூடு. வேறு ஏதாவது பார். டொக்டர் முயல் என்று சொன்னால் முயலைத் தேடு.

அக்கா சொன்னாள் என்று ஒரு தரமாவது கேள்.

இராசமலர்


உரும்பிராய்
30.07.2024

அக்கா,

சூடு என்றீர்கள். டொக்டர் கடைசியில் சம்மதித்ததைத் தள்ளிவிட்டு, சூடு குளிர்ச்சி என்று நாய்க்குச் சாப்பாடு போட முடியாது. உங்கள் வீட்டுச் சைவத்தை என் நாய்க்கும் பழக்கப் பார்க்கிறீர்கள் என்று அன்றைக்குக் கோபம் வந்தது. அதனால் பதில் எழுதவில்லை.

இன்று கோபப்படக்கூட உடம்பில் பலமில்லை. நாலு கிழமை முடிந்துவிட்டது. ஒரு பருக்கை மாறவில்லை, அக்கா. பக்கத்து வீட்டார் பாண் எறிந்துவிடுவார்கள் என்று வேலியை அடைத்தேன். பூச்சி மருந்துக் குளிசைகூட இறைச்சி மணம் சேர்க்காதது தேடி வாங்கினேன். அப்படியிருந்தும் கூடிவிட்டது. காதைச் சொறிந்து சொறிந்து உள்ளே புண். வலது காதில் கேட்கிறதில்லை போலிருக்கிறது. படுக்கையில் திரும்ப முனகுகிறான்.

டொக்டர் நேற்று ஈரல் பரிசோதனை முடிவைக் காட்டினார். சாப்பாட்டில் பிடிபடாவிட்டால் மிஞ்சுவது ஸ்டெரொயிட் குளிசைதான். வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்பது வயது ஈரல் அதைக் கனகாலம் தாங்காது. இவர் இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி, “உதயா, அதுக்கு ஒரு ஊசி போட்டு விட்டால் நிம்மதியாய்ப் போயிடுமெல்லே” என்றார். கொடுமைக்காரர் இல்லை அவர். முனகலைக் கேட்க முடியாமல் சொன்னார்.

இன்னும் ஒரு கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அவன் இப்போதும் கிணற்றடியில்தான் தின்கிறான்.

உதயா


கரவெட்டி
ஆடி அமாவாசைக்கு மறுநாள்
05.08.2024

உதயா,

கோழியை இன்றைக்கே நிறுத்து. இதை வாசித்து முடிப்பதற்கு முன் போய் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கு.

அவன் கோழி தின்றவன். நான் கொடுத்தேன்.

முதல் மாதம் தின்னவில்லை என்று எழுதினேன். பால் வைத்தேன், இடியப்பம் வைத்தேன், கையால் ஊட்டிப் பார்த்தேன். மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிவிடுவான். விலா எலும்பை எண்ணலாம். நீ ஒவ்வொரு நாளும் கொழும்பிலிருந்து போன் எடுத்து “வீமன் சாப்பிட்டவனோ அக்கா” என்று கேட்பாய். “ஓம், சாப்பிட்டவன்” என்பேன். இருபத்தாறு நாள் அந்தப் பொய்யைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் போனேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சந்தியில் நின்றேன். நெல்லியடியில் என்றால் எல்லோரும் என்னிடம் படித்தவர்கள். அங்கே என்னைத் தெரிந்தவர் இல்லை.

இறைச்சிக் கடைக்காரர் “தோலோடையோ அம்மா, உரிச்சோ?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. “எப்பிடிச் சாப்பிடுறவையோ அப்பிடியே தாங்கோ” என்றேன். சிரித்துவிட்டு உரித்துத் தந்தார்.

அர்ச்சனைக் கூடைக்கு அடியில் வைத்து மேலே பூவும் வெற்றிலையும் பரப்பினேன். பஸ்ஸில் கூடையைக் காலடியில் வைத்தேன். பக்கத்தில் இருந்த பெண் “அம்மா, கோயில் சாமானைக் கீழை வைக்காதேங்கோ” என்று எடுத்து என் மடியில் வைத்தாள். நெல்லியடி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கிணற்றடியில், வாழைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, ஒரு பழைய அலுமினியச் சட்டியில் அவித்தேன். அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்து வாலாட்டினான். நான் முழுகிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும். இரண்டு மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்துக் கொடுப்பேன். மற்ற நாட்களில் பருப்புச் சோற்றையும் அந்தச் சட்டியில் போட்டுப் பிசைந்தால்தான் தின்றான். நாலு மாதத்துக்குப் பிறகு சொறியத் தொடங்கினான். அதையும் இதையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு சொறியோடு மெலிந்தும் போனான்.

நீ படலையில் நின்று கத்தியபோது ஒரு சொல் சொல்லியிருந்தால் உன் வாய் அடைபட்டிருக்கும். சின்னாச்சி மாமி நின்றார். நாயைப் பட்டினி போட்டவள் என்ற பெயர் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. மற்றப் பெயர் தாங்காது என்று நினைத்தேன்.

உன் கடிதத்தில் கிணற்றடி என்று வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவனை நான் ஒளித்துத் தின்னப் பழக்கியிருக்கிறேன். உன் வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை. அங்கேயும் போய் எனக்காக ஒளித்துத் தின்கிறான். அப்போதே எழுதியிருக்க வேண்டும். சூடு என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் அவன் இன்னும் மூன்று கிழமை தின்றுவிட்டான்.

ஊசி போடாதே. முயலைத் தேடு.

இராசமலர்


உரும்பிராய்
18.08.2024

அக்கா,

உங்கள் கடிதம் எட்டாம் திகதி வந்தது. சட்டியை இறக்கிவிட்டு மிச்சத்தை வாசித்தேன். டொக்டருக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன். “அப்ப ஊசியைப் பற்றி இனி ஒருத்தரும் கதைக்க வேண்டாம், திரும்ப முதலிலயிருந்து தொடங்குவம்” என்றார்.

அச்சுவேலியில் கொலின்ஸ் என்று ஒருவர் முயல் வளர்க்கிறார். போய்ப் பார்த்தேன். கூட்டுக்குள் அவை மூக்கை அசைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. ஒன்றுக்காக ஒன்றைக் கொல்கிறோம் என்பது எனக்கு விளங்காததல்ல. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, உரித்து வெட்டித் தரச் சொன்னேன்.

அடுத்த நாளே நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. “திருவிழா முடியுமட்டும் இந்தக் குசினிக்குள்ள மச்சம் இல்லை” என்றார் இவர். அதனால் நானும் கிணற்றடியில் மூன்று கல் வைத்தேன். புதுச் சட்டிதான், பழையதில் கோழிக் கொழுப்பு ஒட்டியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். கோயிலுக்குப் போகிற சனம் ஒழுங்கையால் போகும்போது குந்தியிருந்து புகையைக் கையால் விசிறி மறைத்தேன். பிறகு முழுகிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் செய்தேன். பத்து நாளாகச் செய்கிறேன். நீங்கள் பத்து மாதத்துக்கு மேல் செய்திருக்கிறீர்கள், மாசிப் பனியிலும். அதுவும் என் நாய்க்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச்சிலிருந்து ஜூன் முடியுமட்டும் இந்த வீட்டில் கோழி இல்லை. சொறி அப்போதே குறைந்திருக்க வேண்டுமே என்று டொக்டரிடம் கேட்டேன். “முட்டை?” என்றார். கோழி ஒவ்வாத சில நாய்களுக்கு முட்டையும் ஒவ்வாதாம். நீங்கள் பட்டினி போட்டதாக நினைத்து, அதை ஈடுசெய்ய, மூன்று மாதமாகத் தினமும் இரண்டு முட்டையைப் பெருமையோடு ஊட்டியவள் நான்.

ஒழுங்கை கேட்கக் கத்தினேன். மன்னிப்பைத் தபாலில் கேட்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனால் நேரே வந்தால் நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது.

உதயா


உரும்பிராய்
20.10.2024

அக்கா,

ஆவணியில் எழுதியதற்குப் பதில் இல்லை. கோபமா, வெட்கமா என்று தெரியாமல் இரண்டு மாதம் தபாற்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டாலும் இதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

எட்டுக் கிழமை முடிந்துவிட்டது. மூன்றாம் கிழமை சொறிவது குறைந்தது. ஐந்தாம் கிழமை காது காய்ந்தது. இப்போது வயிற்றில் பூனைமயிர் போல மெல்லியதாக முளைத்திருக்கிறது. அப்பமா மணம் இல்லை. வெறும் நாய் மணம்தான். அது இவ்வளவு நல்ல மணம் என்று எனக்குத் தெரியாமல் போயிருந்தது. வலது காது கேட்கிறது. படலைச் சத்தத்துக்குத் திரும்புகிறான்.

எது ஒவ்வாதது என்று உறுதிப்படுத்த ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டொக்டர். “கோழியில தொடங்குவமோ” என்று கேட்டார். நான் முட்டையில் தொடங்கினேன். அது என் பங்கு. மூன்றாம் நாள் காதைச் சொறிந்தான். உடனே நிறுத்திவிட்டேன், ஒரு கிழமையில் சரியாகிவிட்டது. கோழியைக் கொடுத்துப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஆடி மாதமே போதும்.

இனி ஒரு உதவி. நவம்பர் முதலாம் கிழமை தொடங்கி விடைத்தாள் திருத்த நான் பத்து நாள் கொழும்பில் நிற்க வேண்டும். இவர் விடியக் கிளிநொச்சிக்கு வேலைக்கு வெளிக்கிட்டால் இருட்டின பிறகுதான் வருவார். வீமனைப் பார்க்க வேறு ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உங்களிடம் விடத்தான் எனக்கு விருப்பம். அவனுக்கும் இருக்கும். உங்களுக்குக் கந்தசஷ்டி விரத நாட்கள் என்பது தெரியும். முயலை நான் அவித்து, உறையவைத்துத் தரலாம். நீங்கள் தொடக்கூடத் தேவையில்லை.

இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

உதயா


கரவெட்டி
26.10.2024

உதயா,

கூட்டி வா. விரதம் எனக்குத்தான், அவனுக்கு இல்லை.

ஆவணியில் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. தீட்சை தந்த ஐயரிடம் சொல்லிவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன். அவரிடம் சொல்லத் துணிவு வர இரண்டு மாதம் பிடித்தது. போன வெள்ளி பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்றார். “சிவசிவா, இல்லை ஐயா.” “அப்ப நாய்தான் சாப்பிட்டது. நாய்க்குத் தீட்சை குடுத்ததாய் எனக்கு ஞாபகம் இல்லையே.” பிறகு கொஞ்ச நேரம் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றவர், “அந்தக் கூடையை மட்டும் மாத்துங்கோ ரீச்சர்” என்றார்.

மாற்றிவிட்டேன்.

முயலை அவித்துத் தர வேண்டாம். பச்சையாகக் கொண்டு வா, ஐஸ் பெட்டியில். அவித்தது அன்றன்றைக்கு இருந்தால்தான் அவன் ஒழுங்காகத் தின்பான். அது எனக்குத் தெரியும். வத்தாளங்கிழங்கு இங்கே தோட்டத்தில் இருக்கிறது. பாண், வடை, காகச்சோறு ஒன்றும் கொடுக்க மாட்டேன். காகச்சோற்றை இனிக் கூரையில் வைக்கிறேன். வைரவர் கோயில் பக்கம் போகாமல் அவனைப் பத்து நாளும் கட்டித்தான் வைக்க வேண்டும். வைரவர் குறைநினைக்க மாட்டார்.

பழைய சட்டியைப் பழைய இரும்பு எடுப்பவரிடம் போட்டுவிட்டேன். நேற்று நெல்லியடியில் புதியது ஒன்று வாங்கிக் கழுவி, கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்தேன். வாழைக்குப் பின்னால் இல்லை, முன்னால். சின்னாச்சி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“உதென்ன மலர், புதுச் சட்டி? பொங்கலுக்கோ?”

“இல்லை மாமி. வீமன் வாறான். அவனுக்கு முயல் அவிக்க.”

மாமி சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “உப்புப் போட்டிடாதை பிள்ளை, நாய்க்குக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை காலையே வா. படலையைத் திறந்து வைக்கிறேன்.

அக்கா